முப்பரிமாண நுண்ணோக்கிப் படங்களை ஒட்டுவது எப்படி? பிக்ஸ்டிச்சர் செய்முறை, தொடக்கநிலையினருக்கு

சுண்டெலி மூளைத் துண்டு ஒன்றை ஒளி ஊடுருவும்படி பதப்படுத்தி, மெல்லிய ஒளித்தகட்டைப் பக்கவாட்டில் பாய்ச்சிப் படமெடுக்கும் லைட்ஷீட் நுண்ணோக்கியில் வைத்திருக்கிறீர்கள். பத்து மடங்கு லென்ஸ், 6.5 மைக்ரான் பிக்சல் உள்ள கேமரா. அப்படியானால் படத்தில் ஒரு பிக்சல் 0.65 மைக்ரான். 2048 பிக்சல் சட்டகம் முழுதும் சேர்ந்தாலும் 1.3 மில்லிமீட்டர்தான் தெரியும். அதனால் மேடையை நகர்த்தி நகர்த்தி, பக்கத்துப் படத்தோடு ஓரம் கொஞ்சம் பொதுவாக இருக்கும்படி பல துண்டுகளாக எடுக்கிறோம். ஒவ்வொரு துண்டும் ஓர் ஆழம் உள்ள கனப்படம். அவற்றைச் சேர்த்து ஒரே கனப்படமாக்குவதுதான் இந்தப் பதிவின் வேலை.

தரமணியிலும் கிண்டியிலும் உள்ள ஆய்வு மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சென்னையில் மூளைப் படம் என்றதும் ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ சிசுக்களின் (கருவில் வளரும் நிலை) மூளைப் படத் தொகுப்பு பலருக்கும் நினைவுக்கு வரும். 5,132 சீவல்கள் கொண்ட தொகுப்பு அது. ஆனால் அது வேறு கணக்கு. அங்கே திசுவை வெட்டிச் சீவல் சீவலாக அடுக்குகிறார்கள். ஒரு சீவலில் உள்ளது அடுத்ததில் இருக்காது. நம் கணக்கில் பக்கத்துத் துண்டுகளின் ஓரத்தில் ஒரே திசு இரண்டு முறை பதிவாகியிருக்கும். அந்தப் பொதுப் பகுதிதான் மென்பொருளுக்குக் கிடைக்கும் ஒரே தடயம். அதில் திசு இல்லையென்றால் எந்த மென்பொருளாலும் ஒட்ட முடியாது. முடியாது என்று சொல்லவும் செய்யாது, ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இந்தப் பதிவில் நான் அதிக நேரம் செலவிடப்போவது அந்த எண்ணின் மேல்தான்.

எந்த மென்பொருள்?

இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளோடு வரும் ‘கிரிட்/கலெக்‌ஷன் ஸ்டிச்சிங்’ 2009ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின் வழிமுறையில் அமைந்தது. சிறிய கோப்புகளுக்கு இன்றும் அதுவே எளிது. 2012இல் வந்த டெராஸ்டிச்சர் டெராபைட் அளவுப் படங்களுக்கென்றே எழுதப்பட்டது, ஆனால் கோப்புறை அமைப்பில் கறார். 2019இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் வெளியான பிக்ஸ்டிச்சர், ஃபிஜிக்குள்ளேயே ஓடும். பெரிய கோப்புகளையும் தாங்கும். ஒவ்வொரு இணைப்பையும் கண்ணால் பார்த்து நீக்கவும் விடும். அந்தக் கடைசி வசதிக்காகவே தொடக்கத்திலேயே பிக்ஸ்டிச்சரைப் பழகிவிடுங்கள் என்பேன்.

முதலில் இடமும் நினைவகமும்

ஒரு தளம் (ஓர் ஆழத்தில் எடுத்த ஒரு படம்) 2048 × 2048 பிக்சல், 16 பிட் என்றால் 8 எம்பி. 500 தளங்கள் கொண்ட ஒரு துண்டு ஏறத்தாழ 4 ஜிபி. நான்கு நெடுவரிசை, மூன்று கிடைவரிசை எனப் பன்னிரண்டு துண்டுகள் என்றால் 48 ஜிபி. அதோடு முடியாது. வேலைக்காக மாற்றிச் சேமிக்கும் கோப்பு ஒன்று, கடைசியில் ஒட்டிய கோப்பு ஒன்று. ஆகவே 150 ஜிபி காலியிடம் இல்லாமல் தொடங்காதீர்கள். ரிச்சி தெருவுக்குப் போய் ஏதாவது வாங்குவதானால், கிராபிக்ஸ் கார்டுக்கு முன்னால் ஒரு நல்ல எஸ்எஸ்டி வாங்குங்கள். இந்த வேலையில் கணினி பெரும்பாலும் கோப்பைப் படிப்பதற்குத்தான் காத்திருக்கும்.

மூலக் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். யுபிஎஸ் இல்லாத கணினியில் மாற்றிச் சேமிக்கும் வேலையைத் தொடங்கினால், பாதியில் மின்சாரம் போனதும் அரைகுறைக் கோப்புதான் மிஞ்சும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நிறுவுதல்

ஃபிஜியைத் திறந்து ‘ஹெல்ப்’ பட்டியலில் ‘அப்டேட்’ போங்கள். ‘மேனேஜ் அப்டேட் சைட்ஸ்’ என்பதில் பிக்ஸ்டிச்சர் என்ற வரியில் டிக் செய்து, மாற்றங்களை நிறுவி, ஃபிஜியை மூடித் திறங்கள். பிறகு ‘எடிட் – ஆப்ஷன்ஸ் – மெமரி அண்ட் த்ரெட்ஸ்’ பகுதியில் கணினியின் நினைவகத்தில் முக்கால் பங்கை ஃபிஜிக்கு ஒதுக்குங்கள். இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். பாதி வழியில் நினைவகம் போதவில்லை என்ற சிவப்பு எழுத்து வந்த பிறகுதான் தேடி வருவார்கள்.

துண்டுகளை ஏற்றுதல்

கோப்புப் பெயர்களில் துண்டின் எண் மட்டும் மாறும்படி வையுங்கள்: துண்டு_00, துண்டு_01 என்று. முன்னால் பூஜ்யம் இருந்தால் வரிசை குழம்பாது. ‘பிளக்இன்ஸ்’ பட்டியலில் பிக்ஸ்டிச்சரைத் திறந்து, புதிய தொகுப்பை வரையறுக்கச் சொல்லுங்கள். தானியங்கி ஏற்றி, பெயரில் மாறும் எண்ணைக் கண்டுபிடித்து, ‘இது துண்டா, சேனலா, கோணமா’ என்று கேட்கும். துண்டு என்று சொல்லுங்கள்.

அடுத்து வாக்சல் அளவு, அதாவது கனப்படத்தின் ஒரு புள்ளியின் அளவு. நம் எடுத்துக்காட்டில் அகலம் 0.65, உயரம் 0.65, ஆழம் 2 மைக்ரான். வெறும் டிஃப் கோப்புகளாக இருந்தால் இந்த விவரம் தொலைந்து, 1, 1, 1 என்று நிற்கலாம். பார்க்காமல் ஓகே அழுத்தினால் மூளை தட்டையாகிவிடும். பிறகு அளக்கும் ஒவ்வொரு தூரமும் தவறு.

பிறகு துண்டுகள் எடுக்கப்பட்ட வரிசை. பெரும்பாலான நுண்ணோக்கிகள் பாம்பு ஊர்வதுபோல் வளைந்து வளைந்து போகும்: முதல் வரிசை இடமிருந்து வலம், இரண்டாவது வலமிருந்து இடம். பொதுப் பகுதி 10 விழுக்காடு என்று குறியுங்கள். 2048இல் அது ஏறத்தாழ 205 பிக்சல், அதாவது 133 மைக்ரான். இந்தப் பத்து விழுக்காட்டுக்குக் கீழே போகாதீர்கள். நேரம் மிச்சம் என்று 5 விழுக்காட்டில் எடுத்துவிட்டு வருபவர்களுக்கு உதவுவது கடினம்.

கடைசியாக, பல தெளிவுநிலைகள் கொண்ட எச்டிஎஃப்5 கோப்பாக மாற்றிச் சேமிக்கச் சொல்லுங்கள். புதிய பதிப்புகளில் என்5, ஸார் வடிவங்களும் உண்டு. இது நேரம் பிடிக்கும். ஆனால் இதன் பிறகு 48 ஜிபியும் திரையில் தடங்கலின்றி நகரும். கூடவே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு உருவாகும். படத்தின் பிக்சல்களை யாரும் தொடுவதில்லை. துண்டுகளின் இடம் மட்டும் இந்தச் சிறு கோப்பில் எழுதப்படும். அதனால் எத்தனை முறை தவறாக ஒட்டினாலும் மூலத்துக்கு ஆபத்தில்லை.

ஒட்டும் முன் ஒரு பார்வை

இப்போது இரண்டு சன்னல்கள் திறந்திருக்கும்: ஒன்றில் துண்டுகளின் பட்டியல், மற்றொன்றில் படம். படச் சன்னலில் எஸ் விசையை அழுத்தினால் வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். ஷிஃப்டோடு இசட் அழுத்தினால் மேலிருந்து பார்க்கும் வழக்கமான பார்வை; ஷிஃப்டோடு ஒய் அழுத்தினால் பக்கவாட்டு வெட்டு. இந்த இரண்டாவது பார்வையை விரலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் கச்சிதமாகத் தெரியும் ஓர் ஒட்டு, பக்கவாட்டில் பார்த்தால் படிக்கட்டாக இருக்கும். ஒரே நரம்பிழை ஓரத்தில் உடைந்து, நான்கைந்து தளம் கீழே மறுபடி தொடங்கும்.

இடப்பெயர்வைக் கணக்கிடுதல்

எல்லாத் துண்டுகளையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து, இணை இணையாக இடப்பெயர்வைக் கணக்கிடச் சொல்லுங்கள். வழிமுறை: ஃபேஸ் கோரிலேஷன். 1975இல் குக்லினும் ஹைன்ஸும் முன்வைத்தது. ஒரு படம் நகர்ந்தால், அதன் ஃபூரியர் உருமாற்றத்தில் (படத்தை அலைகளாகப் பிரிக்கும் கணக்கில்) அலைகளின் அளவு மாறாது, கட்டம், அதாவது அலை தொடங்கும் இடம் மட்டும் மாறும். இரு படங்களின் கட்ட வேறுபாட்டை மட்டும் எடுத்து, திரும்ப உருமாற்றினால், நகர்ந்த தூரத்தில் ஒரு கூர்மையான முகடு எழும். முகடுகள் பல எழலாம் என்பதால், மென்பொருள் முன்னணி முகடுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, எதில் இரு படங்களும் அதிகம் ஒத்துப்போகின்றனவோ அதைத் தேர்ந்தெடுக்கும். அந்த ஒத்துப்போகும் அளவுதான் ஆர் மதிப்பு. 1 என்றால் அச்சுப் பிசகாத ஒற்றுமை.

எத்தனை மடங்கு சுருக்கிக் கணக்கிட வேண்டும் என்று கேட்கும். அகலத்திலும் உயரத்திலும் 4, ஆழத்தில் 1 கொடுங்கள். 0.65ஐ நான்கால் பெருக்கினால் 2.6 மைக்ரான், ஆழம் 2 மைக்ரான். மூன்று திசைகளும் ஏறக்குறைய சமமாகிவிடும், கணக்கும் விரைவாக முடியும்.

எண்ணை நம்புவதா?

‘ஆர் மதிப்பு 0.9 வந்துவிட்டதே சார், போதாதா?’ என்பது வழக்கமாக வரும் கேள்வி. போதாது. லைட்ஷீட் படங்களில் ஒளி வரும் திசையில் நிழல் கோடுகள் விழும். ஒளி இடப்பக்கத்திலிருந்து வந்தால் கோடுகள் இடம்–வலமாக ஓடும். திசு குறைந்த ஒரு பொதுப் பகுதியில் இந்தக் கோடுகள்தான் பளிச்சென்று தெரியும். ஒரு கோட்டை அதன் நீளவாக்கில் எவ்வளவு நகர்த்தினாலும் அது தன்னோடேயே பொருந்தும். ஆர் மதிப்பும் உயர்ந்தே இருக்கும், இடப்பெயர்வோ அர்த்தமற்றதாக இருக்கும்.

எனவே ஆர் மதிப்போடு இடப்பெயர்வையும் படியுங்கள். கணக்கு முடிந்ததும் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தால், அதன் அண்டைகளோடான இணைப்புகளும் எண்களும் தெரியும். நம் 4 × 3 அமைப்பில் பக்கம் பக்கமாக ஒன்பது, மேல்கீழாக எட்டு, ஆக 17 இணைப்புகள். மூலைக்கு மூலை தொடுபவை 12. அவற்றின் பொதுப் பகுதி மிகச் சிறியது, பெரும்பாலும் நீக்கிவிடலாம். பதினேழையும் ஒரு தாளில் வரைந்து எண்களை எழுதுங்கள். பத்து நிமிட வேலை.

எழுதியதும் ஒழுங்கு தெரியும். பாம்பு வரிசையில் முதல் வரிசை 0, 1, 2, 3. அடுத்த வரிசையில் 3க்குக் கீழே 4, 2க்குக் கீழே 5, 1க்குக் கீழே 6, 0க்குக் கீழே 7. ஆக 3–4 இணை அடுத்தடுத்து எடுக்கப்பட்டது; 0–7 இணைக்கு இடையே ஏழு துண்டுகள் அளவு நேரம் ஓடியிருக்கிறது. ஆழ இடப்பெயர்வு 3–4இல் சிறிதாகவும், 2–5, 1–6, 0–7 என்று போகப் போகச் சீராகப் பெரிதாகவும் இருந்தால், எண்களைச் சந்தேகிக்க வேண்டாம். அறையின் வெப்பநிலையைச் சந்தேகியுங்கள். மாலையில் ஏசி நிற்கும் கட்டடத்தில் மே மாத இரவு முழுக்கப் படமெடுத்தால், மேடையும் உலோகத் தாங்கியும் மெல்ல விரிந்து மாதிரி நகரும். இது உண்மையான நகர்வு, மென்பொருள் திருத்திவிடும். மாறாக, எல்லா இணைகளிலும் மூன்று நான்கு பிக்சல் இருக்க, ஒன்றில் மட்டும் திடீரென்று 90 என்றால் அது பொய். ஆர் மதிப்பு எவ்வளவு உயர்ந்தாலும் அந்த இணைப்பை வலது கிளிக் செய்து நீக்குங்கள்.

0.7க்குக் கீழே உள்ளவற்றை மொத்தமாக வடிகட்டவும் வழி உண்டு. அதையும் செய்யலாம், ஆனால் முதலில் கண், பிறகு வடிகட்டி.

எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்துதல்

பன்னிரண்டு துண்டுகளைக் கோக்க 11 இணைப்புகள் போதும். நம்மிடம் 17 இருக்கின்றன. மிச்ச ஆறும் ஒன்றையொன்று சரிபார்க்கும் சாட்சிகள். ‘குளோபல் ஆப்டிமைசேஷன்’ எல்லா இணைப்புகளுக்கும் முடிந்தவரை நியாயம் செய்யும்படி துண்டுகளின் இடத்தைத் தீர்மானிக்கிறது. நீங்கள் விட்டுவைத்த ஒரு பொய் இணைப்பு இங்கேதான் வேலையைக் காட்டும். பந்தியில் ஒருவர் இலையைத் தள்ளிப் போட்டால் வரிசையே நகர்வதுபோல், ஒரு தவறான 90 பிக்சல் பக்கத்துத் துண்டுகள் அனைத்தின்மேலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிரப்படும். எங்கே தவறு என்று பிறகு தேடினால் கிடைக்காது; எல்லா ஒட்டும் சற்றே மங்கலாக இருக்கும்.

தேர்வுகளில், இரண்டு சுற்றில் பொருத்தி, மோசமான இணைப்புகளைத் தானே கைவிட்டு, இணைப்பில்லாத துண்டுகளை மேடையின் இடக்குறிப்புப்படி வைக்கும் முறையை எடுங்கள். வெறும் பின்னணி மட்டும் உள்ள ஓரத் துண்டுகள் அப்போதுதான் காணாமல் போகாது.

முடிந்ததும் ஷிஃப்டோடு ஒய். ஒவ்வோர் ஒட்டையும் பக்கவாட்டில், மேல், நடு, அடி என மூன்று ஆழங்களில் பாருங்கள். மேலே பொருந்தி அடியில் விலகினால் அது இடப்பெயர்வுச் சிக்கல் இல்லை. திசுவோ ஒளிப்பாதையோ வளைந்திருக்கிறது. அதற்கு ஐசிபி என்ற நுண்திருத்தம் பிக்ஸ்டிச்சரிலேயே உண்டு. ஓரிரு பிக்சல் விலகலுக்கு அதைத் தொடத் தேவையில்லை.

ஒரே கோப்பாக எழுதுதல்

முதலில் தேவையான பகுதியை எல்லைப்பெட்டியால் வரையறுங்கள். பிறகு ‘இமேஜ் ஃப்யூஷன்’. முழுத் தெளிவில் நம் எடுத்துக்காட்டு சுமார் 7,578 × 5,734 × 500 வாக்சல். 16 பிட்டில் 43 ஜிபி. மூன்று திசையிலும் பாதியாகச் சுருக்கினால் 5.4 ஜிபி. முதல் முறை சுருக்கியே எழுதிப் பாருங்கள். திருப்தியானால் முழு அளவில் ஓடவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஓரங்களைக் கலக்கும் பிளெண்டிங் தேர்வை இயக்கி வையுங்கள். ஆனால் ஒன்று: கலந்த பகுதியில் ஒவ்வொரு வாக்சலும் இரண்டு படங்களின் எடையிட்ட சராசரி. செல்களை எண்ணவும் நரம்பிழைகளைத் தொடரவும் அது பொருட்டல்ல. ஒளிர்வின் அளவை அளப்பதானால் ஒட்டிய கோப்பில் அளக்காதீர்கள். மூலத் துண்டிலேயே அளந்து, அதன் இடத்தை மட்டும் எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் வேலை முடிந்தபின் இடம் போதவில்லை என்றால் ஒட்டிய கோப்பை அழிக்கலாம், எக்ஸ்எம்எல்லையும் மூலத்தையும் அழிக்கக் கூடாது.