எஸ்எம்பிஎஸ் போனதோடு ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டதா?

எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) புகைந்து கம்ப்யூட்டர் நின்றபின் ஹார்ட் டிஸ்க் அசையவில்லை என்றால், பல நேரம் போயிருப்பது அடியில் உள்ள சர்க்யூட் போர்டுதான். தகவல் உள்ள தட்டுகள் நன்றாகவே இருக்கும். அதனால் டிஸ்க்கின் மேல் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். தூசி உள்ளே போனால் மீட்பதற்கு இருக்கும் வாய்ப்பும் போய்விடும்.

முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பழைய டிவிடி டிரைவ் ஒன்றை மாட்டி ஓடவிட்டு அளக்க வேண்டும். லோடு இல்லாமல் அளந்தால் பழுதான சப்ளையும் சரியாகக் காட்டக்கூடும். மோலெக்ஸ் முனையில் (நான்கு வயர் உள்ள பவர் பிளக்) கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட், கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். இதைத் தாண்டினால் அந்த சப்ளையில் இனி எந்த டிஸ்க்கையும் மாட்டாதீர்கள். மாடுலர் சப்ளையை (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை) மட்டும் மாற்றி, பழைய கேபிளை அப்படியே விட்டிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். பிளக் பொருந்தினாலும் உள்ளே வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் இடத்தில் 12 வோல்ட் போய்விடக்கூடும்.

டிஸ்க்கை மாட்டினால் கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை, கழற்றினால் ஆன் ஆகிறது என்றால் அது நல்ல அறிகுறி. பவர் கனெக்டர் அருகே இரண்டு டிவிஎஸ் டையோடுகள் இருக்கும்: ஒன்று 5 வோல்ட்டுக்கு, மற்றது 12 வோல்ட்டுக்கு. (லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் மட்டுமே.) மின்னழுத்தம் எகிறும்போது இவை ஷார்ட் ஆகி மற்ற சிப்புகளைக் காப்பாற்றும். மின்சாரம் இல்லாத நிலையில், மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து டையோடின் இரு முனைகளிலும் தொடுங்கள். முனைகளை மாற்றித் தொட்டும் 1 ஓமுக்குக் கீழே காட்டினால் ஷார்ட்தான். போர்டைக் கழற்றப் பெரும்பாலும் டி6 டார்க்ஸ் (நட்சத்திர முனை) ஸ்க்ரூடிரைவர் போதும். டையோடைச் சிறிய கட்டரால் நறுக்கி எடுத்துவிட்டு மறுபடி அளங்கள். ஷார்ட் போய்விட்டால், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டி உடனே நகல் எடுங்கள். பாதுகாப்பு போய்விட்டதால் இந்த டிஸ்க்கை அதற்குமேல் அன்றாட வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. ஷார்ட் அப்படியே இருந்தால் தட்டைச் சுழற்றும் மோட்டாரை இயக்கும் மோட்டார் டிரைவர் சிப் எரிந்திருக்கலாம். கறுத்திருக்கிறதா, கொப்பளித்திருக்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்க் சுழன்று ‘டக் டக்’ என்று அடித்தால் உடனே நிறுத்துங்கள். தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் ஹெட்டோ, அதோடு உள்ளே இருந்து அதன் சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப் சிப்போ அடிபட்டிருக்கலாம். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் தட்டில் கீறல் விழும். அது டேட்டா ரெக்கவரி லேபின் வேலை.

போர்டையே மாற்றுவதென்றால் மாடல் எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. போர்டில் அச்சிட்ட எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அதோடு பழைய போர்டின் 8 கால் ரோம் (ROM) சிப்பை, அதாவது அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பதிந்துள்ள ரீட் ஒன்லி மெமரியை, புதியதில் சால்டர் செய்ய வேண்டும். சில மாடல்களில் தனிச் சிப்பே இருக்காது, முக்கிய சிப்புக்குள்ளேயே இருக்கும். எதுவானாலும் பழைய போர்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.