தடம் பதித்து வரையப் பழகுதல்

வரையப் பழகுவோர் பலரும் உருவத்தின் வெளிக்கோட்டை முதலில் போட்டுவிட்டு, பின்னர் அதன் உள்ளே பென்சிலைத் தேய்த்து நிழல் நிரப்புகின்றனர். இப்படிச் செய்தால் மரப்பட்டையும் சுவரும் மனிதக் கன்னமும் ஒரே சாம்பல் பூச்சாகிவிடும். கோடு, புள்ளி, சுருள் எனத் தாளில் பதியும் ஒவ்வொரு தடமும் அந்தப் பொருளின் மேற்பரப்பைக் காட்டும்படி கையைப் பழக்க வேண்டும்.

எச்பி, 2பி, 6பி எனக் கருமை படிப்படியாகக் கூடும் மூன்று பென்சில்களும் சற்றுச் சொரசொரப்பான சித்திரக் கொப்பி ஒன்றும் போதும். சிறு கட்டங்கள் வரைந்து, ஒன்றில் நெருக்கமான இணைகோடுகள், அடுத்ததில் அவற்றை வெட்டிச் செல்லும் குறுக்குக் கோடுகள், மற்றவற்றில் புள்ளிகள், சுருள் கிறுக்கல்கள் என நிரப்புங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பக்கம் கருமையாகத் தொடங்கி மறுபக்கம் வெளுத்து மறைய வேண்டும். கருமையைக் கையழுத்தத்தால் மட்டும் கூட்டாமல், தடங்களுக்கு இடையிலான இடைவெளியைக் குறைத்தும் கூட்டிப் பார்க்க வேண்டும். நீண்ட கோடுகளுக்கு மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்து கையை ஓட்டுவது நல்லது.

அதன்பின் கொப்பியுடன் வெளியே போகலாம். கொழும்புத் தேசிய அருங்காட்சியக வளாகத்தில் ஆலமரங்கள் இருக்கின்றன. விழுது தொங்கும் திசையில் நீள்கோடுகளை இழுத்து, அதன் உருட்சி தெரியும்படி குறுக்கே வளைந்த சிறுகோடுகளைப் போடுங்கள். வெளிச்சம் விழும் பக்கத்தில் அந்த வளைவுகளை முடிக்காமல் விட்டால் வெற்றுத் தாளே ஒளியாக நிற்கும்; வெளிக்கோடு தேவைப்படாது. இலைகளை ஒவ்வொன்றாக வரைய முனைவது வீண் வேலை, சுருள் கிறுக்கலே போதும்.

கொழும்புப் புறக்கோட்டையிலுள்ள சிவப்புப் பள்ளிவாசல் இதைவிடக் கடினமானது. 1909இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடத்தின் சுவரில் ஏற்கெனவே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் ஓடுவதால், நிழலையும் அதே திசைக் கோடுகளால் இட்டால் எது வண்ணம், எது நிழல் என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது. ஆகவே பட்டைகளை மெல்லிய கோடுகளாலும், நிழலைச் சாய்கோடுகளாலோ புள்ளிகளாலோ காட்டுங்கள்.

பென்சில் கைவந்தபின் மைக்கு மாறலாம். டச்சு ஓவியர் வான் கோ 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் நாணல் பேனாவால் வரைந்த நிலக்காட்சிகளில் வயலுக்கு ஒரு தடம், மரத்துக்கு வேறொரு தடம் என்று பிரித்துக் காட்டியிருப்பதைக் கவனியுங்கள். மெல்லிய மூங்கில் குச்சியின் நுனியைச் சாய்வாகச் சீவி, நடுவில் சிறிதாகப் பிளந்தால் அதுபோன்ற பேனா கிடைக்கும். மை தீரத்தீரக் கோடு தடிப்பிலிருந்து வறட்சிக்கு மாறுவதால், கருமையான இடங்களை மை தொட்டவுடனும் வெளிச்சமான இடங்களை மை குறைந்தபின்னும் வரைய வேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் மை காயச் சற்றுத் தாமதமாகும் என்பதால், உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.