மலாயாப் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு நடை: ஐசி (மலேசிய அடையாள அட்டை) இல்லாதவர்களுக்கு

வெள்ளிக்கிழமை போகாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

மலேசியாவில் பெரும்பாலான இடங்களில் அரசு அலுவலகங்கள் வெள்ளிக்கிழமை 12.15-க்குச் சாத்தினால் 2.45-க்குத்தான் திறக்கும். தொழுகை நேரம். அரசு சாராத பல இடங்களும் இதே கணக்குத்தான். இந்த ஊரில் பிறந்து முப்பது வயதுவரை வளர்ந்தவனுக்கு இது மறந்திருக்கக் கூடாது. மெல்பர்னில் இருபத்தைந்து வருஷம் இருந்தால் மறந்துபோகிறது.

இது தாயகத்துக்குப் போய் வந்த ஒருவனின் பயணக் குறிப்பு. தாயகம் என்றதும் யாழ்ப்பாணத்தையோ தஞ்சாவூரையோ நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதோடு அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் முடிந்துவிட்டது. எனக்கு ஊர் என்றால் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டம். அதை விட்டால் கோலாலம்பூர் லெம்பா பந்தாயில் இருக்கும் இந்த வளாகம். தோட்டம் இப்போது செம்பனைக் காடு. தொழிலாளர்கள் குடியிருந்த லயம் இருந்த இடத்தைக் காட்டக்கூட ஆள் இல்லை. அதனால்தான் வளாகத்தைச் சுற்ற ஒரு நாள் ஒதுக்கினேன்.

கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் கிளானா ஜெயா தடத்தில் எல்ஆர்டி ரயில் ஏறுங்கள். பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, நான்காவது யூனிவர்சிட்டி. பெயரை நம்பி இறங்கியதும் வளாகத்தில் கால் வைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நிலையத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே பெரிய சாலைகள், மேம்பாலங்கள், வெயில். உள்ளே போகும் இணைப்புப் பஸ் உண்டு. எல்ஆர்டிக்குத் தட்டும் டச் அண்ட் கோ அட்டையே அதற்கும் போதும். அவசரமென்றால் கிராப் வாடகைக் கார். ஓட்டுநரிடம் ‘யூஎம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கேஎல் (கோலாலம்பூர்) வாசலா, பிஜே (பெட்டாலிங் ஜெயா) வாசலா என்று கேட்பார். அங்கே விழித்தால் நீங்கள் வெளியூர் என்று தெரிந்துவிடும். கேஎல் வாசல் என்று சொல்லுங்கள்.

முதலில் பட்டமளிப்பு மண்டபமான டேவான் துங்கு கென்சலர். டிடிசி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கோலாலம்பூரில் இதன் முதல் வேந்தரான துங்கு அப்துல் ரஹ்மானை நினைத்து வைத்த பெயர். 1960-களில் கிங்டன் லூ வரைந்த கட்டடம்: பூச்சில்லாத கான்கிரீட், வெயிலைத் துண்டு துண்டாக அறுத்து உள்ளே விடும் கட்டம் கட்டமான முகப்பு. லே கொர்புசியேயின் செல்வாக்கு என்று கட்டடக் கலை படித்தவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது முறுக்கு அச்சு. 2001 ஜூனில் தீப்பிடித்து எரிந்தது, பிறகு சீரமைத்தார்கள். மெல்பர்னில் ஒரு கணினித் திரையில் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரியிடம் ‘நான் பட்டம் வாங்கிய மண்டபம்’ என்றேன். ‘ஓ’ என்றாள்.

பட்டமளிப்பு அன்று தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்த என் அம்மா, இந்த மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். வேண்டாம்மா என்று நான் பல்லைக் கடித்தபடி சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாசலில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். நிழல் இருக்கும்.

பல்கலைக்கழகத்துக்கு வயது என்ன என்று பிள்ளைகள் கேட்டால் விடை கொஞ்சம் சுற்றி வரும். ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் சேர்ந்து 1949 அக்டோபர் 8-இல் சிங்கப்பூரில் பிறந்தது. 1959-இல் சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இரண்டு பிரிவானது. 1962 ஜனவரி 1 முதல் இது தனி, அது தனி. சிங்கப்பூர்ச் சொந்தக்காரர்கள் கூட வந்தால் யார் மூத்தவர் என்ற பேச்சை எடுக்காமல் நடந்துவிடுங்கள்.

இனி என் வெள்ளிக்கிழமை. இதைச் சுருக்கமாகச் சொல்லத்தான் ஆசை.

வியாழன் இரவு கிள்ளானில் பெரியம்மா வீட்டில் சாப்பாடு. அக்கா மகன் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்து இதே யூஎம்மில் இடம் வாங்கியிருக்கிறான். எனக்கே இடம் கிடைத்த மாதிரி சந்தோஷம். மூன்றாவது முறை சோறு போடும்போது பெரியம்மா ஆரம்பித்தார்: “தம்பி, நாளைக்கு நீ அங்கதான போற? இவனையும் கூட்டிக்க. வழியில ஒரு ஆபீஸ் இருக்கு. கல்விக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து வேணுமாம். ஒரு சைன்தான லா. வெளிநாட்டுல நல்ல வேலையில இருக்க, நீ போட்டா மறுப்பாங்களா?”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று. மலேசியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிய பிறகு, மலேசியக் குடியுரிமையைத் துறக்கும் பாரம் கே நிரப்பி, ஐசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பதினான்கு வருஷம் ஆகிறது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் நான் சொன்னது: “ரசம் கொஞ்சம் ஊத்துங்க பெரியம்மா.”

‘வழியில’ என்பது புச்சோங் பக்கம். கிள்ளானிலிருந்து லெம்பா பந்தாய்க்குப் போகிறவனுக்குப் புச்சோங் எந்த வழியில் வருகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் சொல்லும் ‘வழியிலதான்’, ‘பக்கத்துலதான்’, ‘ஒரு சைன்தான்’ மூன்றுக்கும் அரை நாள் வீதம் ஒதுக்குங்கள்.

பத்து மணிக்கு எண் சீட்டு எடுத்தோம். 2047. பலகையில் ஓடிக்கொண்டிருந்தது 2009. எதிரே ஒரு மலாய் அம்மா பிள்ளைக்கு நாசி லெமாக் ஊட்டிக்கொண்டிருந்தார். சம்பல் வாசனையில் எனக்கு அழுகை வரும்போல இருந்தது, பசியாறாமல் கிளம்பியதும் ஒரு காரணம். அக்கா மகன் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜாமீன்தாரர் பகுதியில் முதல் வரியே: மலேசியக் குடிமகன், ஐசி நகல் இணைக்கவும். அவன் அதற்கு மேலே கட்டைவிரலை வைத்திருந்தான். நான் பலகையைப் பார்த்தேன். 2011. இரண்டு மணி நேரம் பேச வேண்டியதைப் பேசாமல் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவன் ஃபுட்பால் பற்றி ஏதோ கேட்டான், நான் குளிர்சாதனம் அதிகம் என்றேன்.

12.08-க்கு எங்கள் எண் வந்தது. கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. ஐசி எண் கேட்டார். பன்னிரண்டு எண்ணையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அது மட்டும் மறக்கவே இல்லை. நடுவில் 08 என்றதும் “ஓராங் பேராக்கா?” என்று சிரித்தார். பிறந்த மாநிலத்தின் எண் அது. ஆமாம், பேராக்காரன்தான் என்றேன், ஏதோ பரீட்சையில் தேறிய மாதிரி. பிறகு அவர் கையை நீட்டினார். அட்டை.

“கொண்டு வரவில்லை” என்றேன். பொய் இல்லை, பாருங்கள்.

அப்படியானால் போய் எடுத்துக்கொண்டு 2.45-க்கு வாருங்கள் என்று சொல்லிப் பலகையைத் திருப்பி வைத்தார். எதை எடுத்துக்கொண்டு வருவது? கீழே மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், போய் உட்கார்ந்தோம். தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர் வந்தது, ரொட்டி வந்தது. இரண்டரை மணி நேரத்தில் ஒருவன் எத்தனை தே தாரிக் குடிக்க முடியும் என்பது எனக்கு இப்போது தெரியும். மூன்று. மூன்றாவதில் அக்கா மகன் சொன்னான்: “மாமா, உங்க பாஸ்போர்ட் நீலம்.”

கேஎல்ஐஏ விமான நிலையத்தில் என் பையைத் தூக்கியபோது பார்த்திருக்கிறான். நம்முடையது சிவப்பு. நான் ‘நம்முடையது’ என்றுதான் இன்னும் எழுதுகிறேன். “பாட்டிக்குச் சொல்லல. நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன்” என்றான். பிறகு ரொட்டி பில்லை அவனே கட்டப் போனான், நான் பிடுங்கிக்கொண்டேன்.

2.45-க்கு மேலே போய் உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண் கோபிக்கவில்லை. திங்கள் காலைக்குள் வேறு ஜாமீன் கொண்டுவரச் சொன்னார். குரல் மட்டும் மாறியிருந்தது. அதுவரை ‘அபாங்’, அண்ணன், என்றவர், ‘என்சிக்’, ஐயா, என்றார்.

ஆகவே குடியுரிமையை விட்டவர்கள், விமானம் ஏறுமுன் வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். கோயில் நன்கொடையிலிருந்து வீட்டுப் பத்திரம்வரை உங்கள் கையெழுத்தை வைத்து அங்கே ஏதோ ஒரு திட்டம் தயாராகிக்கொண்டிருக்கும்.

வளாகத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. அக்டோபரில் கோலாலம்பூர் மழை எப்போது வரும் என்று கேட்டால் நான்கு மணிக்கு வரும். அன்றைக்குப் பார்த்ததெல்லாம் பஸ் நிறுத்தக் கூரையிலிருந்து விழுந்த தண்ணீர்தான். திங்கட்கிழமை காலை தனியாக மறுபடி போனேன். இதில் உங்களுக்கு உதவக்கூடியவை அன்று குறித்தவை. எட்டரைக்கு ஆரம்பித்து மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

டிடிசியிலிருந்து நூலகப் பக்கம் வாருங்கள். அங்கேதான் சுடுட் பிடாத்தோ, மாணவர்கள் மேடை போட்டு முழங்கிய பேச்சு மூலை. 1971-இல் மாணவர் அரசியலைக் கட்டுப்படுத்தும் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. 1974 டிசம்பரில் கெடா மாநிலத்துப் பாலிங்கில் வறுமையில் வாடிய விவசாயிகளுக்காக மாணவர்கள் தெருவில் இறங்கிய பிறகு பிடி இன்னும் இறுகியது. 1987-இல் நான் முதலாண்டு சேர்ந்தபோது சீனியர்கள் அந்த இடத்தைக் குரலைத் தாழ்த்திக் காட்டுவார்கள்.

நூலகத்தின் தமிழ் நூல்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1950-களில் இந்திய ஆய்வியல் துறை வரப்போகிறது என்றதும், அதில் தமிழே முதன்மை பெற வேண்டும் என்று சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசில் அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி விடாமல் எழுதினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். தமிழ்ப் புத்தகம் வாங்க மக்கள் கொடுத்த காசு அது. என் தாத்தா கொடுத்தாரா தெரியாது; கொடுத்ததாக நினைத்துக்கொண்டு அலமாரிக்கு நடுவே நடப்பேன். உள்ளே போக வெளியாருக்கு என்ன விதி என்பதை முன்பே விசாரித்துவிடுங்கள்.

அடுத்து கலை, சமூக அறிவியல் புலம். இந்திய ஆய்வியல் துறை இங்கேதான். தனிநாயகம் அடிகள் 1961 முதல் 1969 வரை இங்கே இருந்தார். யாழ்ப்பாணத்துப் பாதிரியார், பல மொழி தெரிந்தவர், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை இந்த ஊரில் கூட்டினார். சென்னைக்கு மாநாடு போனதே இரண்டாவதாக, 1968-இல்தான். தமிழ்நாட்டு நண்பர்களைக் கூட்டிப்போனால் இதை இரண்டு தடவை சொல்லுங்கள். தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டிக்கு நான் ஒரு வருஷம் எழுதி அனுப்பினேன். தோட்டத்தை விட்டுப் போகும் ஒருவன் கதை. பரிசு வரவில்லை, சரியான தீர்ப்பு.

ஆசியக் கலை அருங்காட்சியகத்தை விடாதீர்கள். வேலை நாளில் போனால்தான் திறந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கெண்டிகளுக்கென்றே பேர்போன தொகுப்பு ஒன்று உண்டு. மலாயில் ‘கெண்டி’ என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, பாட்டி வீட்டுக் கெண்டியா என்று கிட்டே போய்ப் பார்த்தால், அதே மூக்கு, அதே கழுத்து. யானை வடிவில்கூட இருக்கிறது. இந்த ஒரு அறைக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

ரிம்பா இல்மு தாவரப் பூங்கா ஒதுக்கமாக இருக்கிறது. 1974-இல் தொடங்கியது, 80 ஹெக்டேர். கொசு. வயதானவர்கள் இருந்தால் விட்டுவிடலாம். வர்சிட்டி ஏரிக்கரை உட்கார நல்லது. ஆனால் கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் குரங்கு உங்களைத் தேடி வரும். சாப்பாட்டுக்கு ஏதாவது ஒரு புலத்துக் கேண்டீன். மாணவர் விலையில் சோறு, கறி, ஆயர் லிமாவ். தட்டைக் காட்டிக் காசு கொடுத்துவிட்டு உட்காருங்கள். நான் உட்கார்ந்து பரிமாறுவதற்காகக் காத்திருந்தேன்.

ஜாமீன் விஷயம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். பெரியம்மாவிடம் சனிக்கிழமை சொன்னேன். கொஞ்ச நேரம் கத்தரிக்காய் நறுக்கினார். “அப்ப இங்க வந்தா நீ விருந்தாளியா?” என்று கேட்டுவிட்டு எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே இருக்கும், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மலாய்ப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுகிறவர், சாரத்தோடு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஐசியை மேசைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். உறவு என்ற கட்டத்தில் ‘ஜிரான்’ என்று எழுதினார். அண்டை வீட்டார்.

நான் கொண்டுபோயிருந்த டிம் டாம் என்ற ஆஸ்திரேலிய பிஸ்கட் பாக்கெட் ஒன்றை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, “பிலா பாலிக்?” என்று கேட்டார். எப்போது ஊருக்குத் திரும்புகிறாய் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை என்றேன்.