ஸ்பானிஷில் முடி, ஆங்கிலத்தில் கால்

ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லித்தர ஆரம்பித்திருக்கிறீர்கள், மாணவர் ஸ்பெயின்காரர். மரபுத்தொடர்ப் பட்டியல் எதையும் அவரிடம் நீட்டாதீர்கள். ஐம்பதை மனப்பாடம் செய்வார். பேசும்போது ஒன்றும் வாயில் வராது.

படி 1: அவர் வீட்டில் புழங்கும் தொடர்களைக் கேட்டு வாங்கி, இரண்டாகப் பிரியுங்கள்: ஆங்கிலத்திலும் அதே படம் மனதில் வருபவை, படம் மாறுபவை.

‘மேதேர் லா பாத்தா’ என்பார். பாத்தா என்றால் விலங்கின் கால். அதை உள்ளே விட்டுவிட்டாராம், அதாவது ஏடாகூடமாக எதையோ சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டார். ஆங்கிலத்திலும் ‘புட் யுவர் ஃபுட் இன் இட்’. கால் காலாகவே இருப்பதால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

படம் மாறும் தொடர்களுக்குத்தான் மெனக்கெட வேண்டும். ‘எனக்கே காது குத்துறியா’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதற்கு ஸ்பானிஷில் ‘தோமார் எல் பேலோ’, முடியை எடுப்பது. ஆங்கிலத்தில் காலை இழுப்பது, ‘புல் சம்ஒன்ஸ் லெக்’. (நம் ‘காலை வாருவது’ இதில் சேராது, அது ஆளையே கவிழ்ப்பது.) சொல்லுக்குச் சொல் மாற்றி ‘யூ ஆர் டேக்கிங் மை ஹேர்’ என்றால், கேட்பவர் தலையைத் தடவிப் பார்ப்பார்.

படி 2: அட்டையின் ஒரு பக்கத்தில் சந்தர்ப்பத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: ‘தேர்வு ரொம்ப சுலபம், நண்பனிடம் சொல்கிறேன்.’ மறுபக்கம் ‘பீஸ் ஆஃப் கேக்’. அவருக்கு அது ‘பான் கோமீதோ’, தின்று முடித்த ரொட்டி. நமக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ரொட்டியை எழுதி வைத்தால் ரொட்டிதான் வாயில் வரும், அதனால் அட்டையில் ஸ்பானிஷ் தொடர் வேண்டாம்.

படி 3: அப்புறம் வாக்கியத்தை மாற்றி எழுதுவது. கேம்பிரிட்ஜ் நடத்தும் ‘பி2 ஃபர்ஸ்ட்’ என்ற ஆங்கிலத் தேர்வில் இதற்கென்றே 6 கேள்விகள் உண்டு. கொடுத்த சொல்லை மாற்றாமல், 2 முதல் 5 சொற்களுக்குள் இடைவெளியை நிரப்ப வேண்டும்.

‘தி லாஸ்ட் டைம் ஐ சா லூசியா வாஸ் த்ரீ இயர்ஸ் அகோ.’
கொடுத்த சொல்: சீன்.
‘ஐ ______ லூசியா ஃபார் த்ரீ இயர்ஸ்.’

விடை ‘ஹேவன்ட் சீன்’. சுருக்கி எழுதினாலும் ‘ஹேவன்ட்’ இரண்டு சொல்லாகவே எண்ணப்படும், ஆக மூன்று. உங்கள் மாணவருக்கோ ‘டோன்ட் சீ’ என்றுதான் கை போகும். அவர் மொழியில் இதை நிகழ்காலத்தில் சொல்வார்கள்: ‘ஆஸே த்ரேஸ் ஆன்யோஸ் கே நோ வேயோ ஆ லூசியா’. ‘வேயோ’ என்றால் பார்க்கிறேன். சிவப்பு மையால் அடிப்பதற்கு முன், அந்த ஸ்பானிஷ் வாக்கியத்தை அவரையே எழுதச் சொல்லி, ‘வேயோ’வின் கீழ் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். தவறு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரிந்துவிடும்.