வெட்பாலைக் களிம்பு: வீட்டில் செய்யும் முறை

சருமத்துக்கான மூலிகைப் பூச்சு எதை வீட்டில் செய்வதானாலும், எந்த மூலிகை என்று யோசிப்பதற்கு முன்பாக, அதில் தண்ணீர் இருக்கப் போகிறதா இல்லையா என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். க்ரீமிலும் ஜெல்லிலும் தண்ணீர் உண்டு. தண்ணீர் இருந்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும் என்பதால்தான் கடையில் விற்பவற்றில் பதனப்பொருள் சேர்க்கிறார்கள். அதை அளந்து சேர்க்க வசதியில்லாத சமையலறைக்கு, எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் சேர்ந்த களிம்பே ஏற்றது. காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸுக்குச் சித்த மருத்துவர்கள் கொடுக்கும் வெட்பாலைத் தைலத்தை அப்படிக் களிம்பாக்கலாம்.

மரத்தைச் சரியாக அடையாளம் காண்பது முக்கியம். கிள்ளினால் பால் வரும் பாலை மரங்கள் பல உண்டு. வெட்பாலையின் நீண்ட காய்கள் இரண்டிரண்டாகத் தொங்கி, நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கொழுந்தும் முற்றலும் இல்லாத இலைகளாக 150 கிராம் எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, நிழலில் ஈரம் போக உலர்த்திய பிறகு, கையால் கிள்ளி, அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் முழுவதும் மூழ்கும்படி போடவும். முதல்முறை நான் இலையைக் கழுவிவிட்டு அவசரத்தில் அப்படியே போட்டதில், நான்காம் நாள் மேலே வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டது.

கண்ணாடி ஜாடியின் வாயை மூடியால் அடைக்காமல் மெல்லிய துணியால் கட்டி, பகல் முழுவதும் வெயிலில் வைக்க வேண்டும். இலையில் அவுரியைப் போல நீலச்சாயம் இருப்பதால், எண்ணெய் மெல்ல ஊதாவாகி, நான்கைந்து நாளில் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்து, வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பும் கலந்து தெரியும். அந்த நிறம் வந்ததும், இலையை அழுத்திப் பிழியாமல் வடிகட்டவும். பிழிந்தால் இலையின் நீரும் சேர்ந்து இறங்கிவிடும்.

வடித்த எண்ணெய் 100 மில்லிக்கு 15 கிராம் தேன்மெழுகு போதும். கோடையில் 20 கிராம் வரை போகலாம். மெழுகு 65 டிகிரிக்குள் உருகிவிடுவதால், பாத்திரத்தை நேராக அடுப்பில் ஏற்றாமல் கொதிநீரில் வைத்து உருக்க வேண்டும். குளிர்ந்த கரண்டியில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்து, கட்டியானால் எண்ணெயும், நீர்த்திருந்தால் மெழுகும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜெல்தான் வேண்டுமென்றால் சோற்றுக்கற்றாழை இருக்கிறது. மடலை வெட்டி, அரிப்பு உண்டாக்கும் மஞ்சள் பால் முழுவதும் வடியும்வரை நிறுத்திவைத்து, பிறகு சோற்றை எடுக்கவும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் மூன்று நாளுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

எதைச் செய்தாலும், முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவி, ஒரு நாள் முழுக்கப் பொறுத்துப் பார்த்து, சிவப்போ அரிப்போ இல்லையென்றால் மட்டும் மற்ற இடங்களில் பூசவும். வெடித்து நீர் கசியும் புண்ணிலும் கைக்குழந்தைகளின் தோலிலும் தடவக் கூடாது. மருத்துவர் கொடுத்த மருந்தை இதற்காக நிறுத்தவும் கூடாது. வெட்பாலைக் களிம்பைப் பூசும் நாட்களில் பழைய தலையணை உறையைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊதாக் கறை எளிதில் போகாது.