இயக்க விதிகள் பாடம்: வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நியூட்டனின் மூன்று விதிகளையும் வரி பிசகாமல் ஒப்பித்துவிடுவார்கள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: உருட்டி விட்ட பந்து ஏன் நிற்கிறது? "அதுல இருந்த விசை தீர்ந்து போச்சு சார்" என்று வகுப்பில் பல குரல் வரும்.

ஒன்றும் தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து வரையறையில் தொடங்குவதுதான் நாம் செய்கிற முதல் தவறு. தள்ளுவதை விட்டால் வண்டி நின்றுவிடும், ஆகவே ஓடிக்கொண்டிருக்க விசை வேண்டும் என்று அவர்கள் சின்ன வயதிலேயே முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இதைத்தான் சொன்னார். அதை மாற்றக் கலிலியோ வர வேண்டியிருந்தது. நியூட்டன் விதியாக எழுதி அச்சிட்டது 1687-இல். ஒரு பீரியடில் பிள்ளை மனம் மாறவில்லை என்று கோபப்படுவது நியாயமே இல்லை.

நம் செட்டிநாட்டில் இதற்குக் கைவசம் ஒரு வசதி இருக்கிறது. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வைத்து வார்ப்பதால் அதன் முகம் வழுவழுப்பாக இருக்கும். ஒரு மரப் பலகையைப் புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்து, ஒரே உயரத்திலிருந்து ஒரே கோலிக்குண்டை விடச் சொல்லுங்கள். முதலில் செம்மண் தரையில், அடுத்து சொரசொரப்பான சிமெண்டுத் தரையில், கடைசியில் ஆத்தங்குடித் தரையில். தூரத்தை அவர்களே அளக்கட்டும். "தடையே இல்லாத தரை என்றால்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "நிக்காது சார்" என்று ஒருவர் சொல்லும்போது, வெளிவிசை இல்லாவிட்டால் ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும் என்ற முதல் விதி பாதி முடிந்துவிடும்.

ஒவ்வொரு வினைக்கும் சமமான, எதிர்த்திசையிலான எதிர்வினை உண்டு என்கிற மூன்றாம் விதிக்கு வருவோம். எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இங்கே நடக்கிற தவறு. ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்று பழமொழியை எடுத்துவிடுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விதைப்பதற்கும் அறுப்பதற்கும் நடுவே மாதக்கணக்கு இருக்கிறதே! வினை முதலில், எதிர்வினை பிறகு என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் பிறந்து ஒரே நேரத்தில் மறைபவை. எதை வினை என்று அழைப்பது என்பது நம் இஷ்டம். அந்தச் சொற்களைச் சற்றுத் தள்ளிவைத்து, ‘யார், யார் மேல்?’ என்று மட்டும் கேட்கப் பழக்குங்கள்.

அப்போதுதான் அடுத்த சிக்கலும் தீரும். மாட்டு வண்டி எல்கைப் பந்தயம் பார்த்த பிள்ளை கேட்கும்: மாடு வண்டியை இழுக்கிற அதே அளவுக்கு வண்டியும் மாட்டை இழுத்தால் வண்டி எப்படி ஓடும்? ‘புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது’ என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அந்த இரண்டு விசைகளும் வெவ்வேறு பொருள்கள் மேல் செயல்படுவதால் ஒன்றையொன்று அழிக்காது. குளம்பு தரையைப் பின்னால் உதைக்கிறது, தரை மாட்டை முன்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் வண்டியின் இழுப்பை மிஞ்சினால் மாடு வேகமெடுக்கும். சக்கரத்துத் தடையை மாட்டின் இழுப்பு மிஞ்சினால் வண்டியும் கூடவே வேகமெடுக்கும். சேற்றில் குளம்பு வழுக்கினால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மேசை மேல் புத்தகம் என்ற எடுத்துக்காட்டிலும் கவனம் தேவை. புத்தகத்தின் எடையும் மேசை மேல்நோக்கித் தரும் விசையும் மூன்றாம் விதியின் ஜோடி அல்ல. இரண்டுமே புத்தகத்தின் மேல்தான் செயல்படுகின்றன. பூமி புத்தகத்தை இழுப்பதற்கு ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது.

இரண்டாம் விதிக் (விசை = நிறை × முடுக்கம்) கணக்குப் போடும்போது, கொடுத்த விசையை அப்படியே நிறையால் வகுக்க விடாதீர்கள். 20 கிலோ பெட்டியை 60 நியூட்டன் விசையால் இழுக்கிறோம், உராய்வு 40 நியூட்டன் என்றால், மிஞ்சுவது 20 நியூட்டன்தான். முடுக்கம் 1 மீட்டர்/விநாடி², 3 இல்லை. படம் வரைந்து அம்புக்குறி போட்ட பிறகே சூத்திரத்துக்குப் போக வேண்டும்.

சந்தையில் ‘எடை 10 கிலோ’ என்பது வழக்கு, அதைத் திட்ட வேண்டியதில்லை. வகுப்பில் மட்டும் நிறை 10 கிலோகிராம், எடை சுமார் 98 நியூட்டன் என்று முதல் நாளிலிருந்தே சொல்லிப் பழக்கினால் போதும். முதல் விதி பதிந்ததா என்று பார்க்க, தேவகோட்டை பஸ்ஸில் பிரேக் போட்டதும் நம்மை முன்னால் தள்ளுவது யார் என்று கேட்டால், யாருமில்லை, உடம்பு பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது என்ற பதில் வர வேண்டும்.

கடைசியாகப் பந்தை மேலே எறிந்து, உச்சியில் அதன் மேல் உள்ள விசைகளை வரையச் சொல்லுங்கள். அங்கே திசைவேகம் சுழி, ஆனால் முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8 மீட்டர்/விநாடி². சிலர் மேல்நோக்கியும் ஓர் அம்பு போடுவார்கள். தப்பு என்று அடித்துவிடாமல், "இந்த விசையைக் கொடுப்பது யாருப்பா?" என்று கேளுங்கள். பந்து கையை விட்டுப் போய்விட்டதே என்று அந்தப் பிள்ளையே அம்பை அழிக்கும்.