ஊரில் டொக்டரிடம் போகும்போது

லண்டனிலோ டொரன்டோவிலோ குடும்ப டொக்டரின் நேரத்துக்காகக் காத்திருந்து பழகியவர்களுக்கு, இலங்கைக்குப் போய் ஊரில் டொக்டரைப் பார்ப்பது அதிசயம் போலத் தெரியும். எங்கும் பதிவு செய்திருக்க வேண்டாம். இன்றைக்குத் தலையிடி என்றால் இன்றைக்கே ஒருவரைப் பார்க்கலாம். விசேட வைத்திய நிபுணரிடம் போவதற்குக் கூடப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. சனல் பண்ணிவிட்டு, அதாவது தனியார் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க முன்பதிவு செய்துவிட்டு, நேரே போகலாம்.

இந்தச் சுலபத்துக்கு ஒரு விலை உண்டு. உங்களுடைய வருத்தங்களின் வரலாறு அங்கே எவரிடமும் இல்லை. என்ன குளிசை குடிக்கிறீர்கள், எந்த மருந்து ஒத்துவராது, போன வருடம் என்ன சத்திரசிகிச்சை என்பதெல்லாம் நீங்கள் சொன்னால்தான் டொக்டருக்குத் தெரியும். ஆகவே புறப்படும் முன் உங்கள் குடும்ப டொக்டரிடம் ஒரு பக்கச் சுருக்கம் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் போதும், இலங்கையில் டொக்டர்மார் ஆங்கிலத்திலேயே எழுதுகிறார்கள். மருந்துகளின் வணிகப் பெயரோடு வேதிப் பெயரும் இருக்கட்டும். கனடாவில் டைலனோல் என்று வாங்கும் அசிற்றமினோபென்தான் ஊரில் பரசிற்றமோல். இது தெரியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது நேரம். இலங்கையில் அரச டொக்டர்மார் கடமை நேரம் முடிந்த பிறகு தனியாக நோயாளர்களைப் பார்க்கலாம். அதனால் ஊரில் உள்ள பல தனியார் டிஸ்பென்சரிகள் பகலில் பூட்டியே இருக்கும், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கலகலக்கும். காலையில் ஆஸ்பத்திரியில் பார்த்த அதே டொக்டரைப் பின்னேரம் அவருடைய டிஸ்பென்சரியில் பார்ப்பது சாதாரணம். முழுநாளும் திறந்திருப்பவையும் உண்டு. பெரும்பாலும் இத்தனை மணிக்கு வாருங்கள் என்று சொல்லமாட்டார்கள், ஒரு நம்பர்தான் தருவார்கள். முன்கூட்டியே போன் எடுத்து நம்பர் போட்டுவிட்டு, இப்போது எத்தனையாவது ஆள் போகிறார் என்று விசாரித்துக்கொண்டு புறப்படுவது புத்தி.

சாதாரண டிஸ்பென்சரியில் பிரஷர் பார்ப்பார்கள், விரல் நுனியில் குத்திச் சீனி பார்ப்பார்கள், காயத்துக்கு மருந்து கட்டுவார்கள், ஊசி போடுவார்கள். தொய்வுக்காரருக்கு நெபுலைசர் பிடிக்கும் வசதி அநேகமாக இருக்கும். சில இடங்களில் ஈ.சி.ஜி.யும் எடுக்கலாம். மருத்துவச் சான்றிதழும் கிடைக்கும்.

மருந்தையும் பல இடங்களில் அங்கேயே தந்துவிடுவார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். குளிசைகளை எண்ணிச் சின்னக் கடதாசி உறைகளில் போட்டு, காலை, பகல், இரவு என்று குறித்துத் தருவார்கள். உறையின் மேல் பெரும்பாலும் மருந்தின் பெயர் இருக்காது. வெள்ளைக் குளிசை சாப்பாட்டுக்கு முன், மஞ்சள் குளிசை சாப்பாட்டுக்குப் பின் என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். ஊர்ச்சனம் இதற்குப் பழகிவிட்டது. ஆனால் நீங்கள் இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவராகவோ சிறுநீரகப் பிரச்சினை உள்ளவராகவோ இருந்தால், பெயர் தெரியாத நோவுக் குளிசை ஒன்றே பெரிய ஆபத்தாகலாம். “டொக்டர், இந்தக் குளிசையின்ரை பேரை ஒருக்கா எழுதித் தாங்கோ” என்று கேளுங்கள். யாரும் கோபிப்பதில்லை. ஊசியும் அப்படித்தான். ஒரு ஊசி போட்டால்தான் வருத்தம் மாறும் என்ற நம்பிக்கை நோயாளர்களிடம்தான் அதிகம், டொக்டர் சில வேளை அதற்கு இணங்கிப் போகிறார். என்ன ஊசி, கட்டாயம் தேவையா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

டிஸ்பென்சரியோடு நிற்கக்கூடாத சில விடயங்கள் உண்டு. நெஞ்சு வலி, பாம்புக்கடி, விபத்து, மூச்சு முட்டல் என்றால் அரச ஆஸ்பத்திரிதான். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்தும், அதைக் கொடுத்துப் பழகிய டொக்டர்மாரும் அங்கேதான் இருக்கிறார்கள். யார் என்ன பச்சிலை சொன்னாலும் வழியில் இறங்க வேண்டாம். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற எண்ணுக்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் தெற்கில் தொடங்கி 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. கட்டணம் இல்லை.

அரச ஆஸ்பத்திரிகளில் பிரதேச வைத்தியசாலை, ஆதார வைத்தியசாலை, போதனா வைத்தியசாலை என்று படிகள் உண்டு. காய்ச்சல், வயிற்றோட்டம் போன்றவற்றுக்குப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு போதும். அதற்கு நேரே யாழ் போதனா வைத்தியசாலைக்கு ஓடிப்போய் வரிசையில் நிற்பவர்கள் தங்களுக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம். காலையில் வெள்ளென போங்கள். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்து, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்பதைத் துண்டு எடுக்கும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். தமிழ் தெரியாத டொக்டர் அமைந்தால் ஆங்கிலத்தில் சமாளிக்கலாம்.

உங்களை விட, ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்குத்தான் டொக்டர் அதிகம் தேவைப்படும். அவர்கள் சலரோகத்துக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய் இலவசமாக மருந்து எடுப்பவர்களாக இருக்கலாம். கிளினிக் கொப்பியை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பி போலத்தான் இருக்கும், ஆனால் பல வருடச் சிகிச்சை அதற்குள் இருக்கும். வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த விலையுயர்ந்த குளிசை நல்லது என்று அதை மாற்றிக் கொடுத்துவிட்டு, நாலு கிழமையில் விமானம் ஏறுவது நல்ல பிள்ளைகள் செய்யும் வேலை அல்ல. நீங்கள் போன பிறகு அந்தக் குளிசை முடிந்துவிடும், கிளினிக்கும் விடுபட்டிருக்கும். மாற்றம் வேண்டுமென்று நினைத்தால் கொப்பியோடு ஒரு நிபுணரைச் சனல் பண்ணிக் கேளுங்கள்.

இரத்தப் பரிசோதனை ஊரில் விரைவு. வெறும் வயிற்றில் காலையில் இரத்தம் கொடுத்தால் பல சோதனைகளுக்கு அன்றைக்கே ரிப்போர்ட் வரும். இலக்கங்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இலங்கையில் சீனியை மில்லிகிராம் கணக்கில் எழுதுவார்கள், பிரித்தானியாவிலும் கனடாவிலும் மில்லிமோல் கணக்கு. அங்கே 7 என்று பார்த்துப் பழகியவர் ஊரில் 126 என்று கண்டால் இரண்டும் ஒன்றுதான், 18ஆல் பெருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி ஊரில் சதவீதத்தில் வரும். 7 சதவீதம் என்றால் பிரித்தானிய ரிப்போர்ட்டில் 53.

பயணக் காப்புறுதி இருந்தால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சிறிய டிஸ்பென்சரிகளில் கேட்காமல் தரமாட்டார்கள். டொக்டரின் கையெழுத்தும் பதிவு இலக்கம் உள்ள முத்திரையும் வருத்தத்தின் பெயரும் அதில் இருக்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால் அதற்கு முன்னமே காப்புறுதிக் கம்பனிக்குப் போன் பண்ணுங்கள்.

காய்ச்சல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்துவிட்டது. இப்போது பயப்பட வேண்டியது டெங்குவுக்கு. வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழையோடு, அதாவது கிறிஸ்மஸுக்கும் பொங்கலுக்கும் நீங்கள் போய் நிற்கும் அதே நாட்களில், அது கூடும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் எடுங்கள். இபுபுரோபென், டைக்குளோபினாக், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். இதயத்துக்காகத் தினமும் அஸ்பிரின் எடுப்பவர் உடனே டொக்டரிடம் கேட்க வேண்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் இரத்தக் கலங்களை எண்ணும் சோதனையைச் செய்வியுங்கள், தேவைப்பட்டால் அடுத்த நாளும் செய்வார்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்குவில் மோசமான நேரம். பிள்ளைக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது என்று நிம்மதியாகி நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வயிற்று வலி, விடாத சத்தி, சிறுநீர் குறைவு, பல்முரசில் இரத்தம், இவற்றில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிதான். வயல் தண்ணீரில் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

நாய் கடித்தாலோ, வளர்ப்புப் பூனை பிறாண்டினாலோ கூட, முதலில் குழாய்த் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள் பூசுவது, காயத்தைக் கட்டிப்போடுவது வேண்டாம். அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி ஊசி பல நாட்களாகப் பிரித்துப் போடப்படும், உங்கள் விடுமுறை அதற்குள் முடிந்துவிடலாம். எந்தத் தடுப்பூசி, எந்தெந்தத் திகதியில், தோலுக்குள்ளா தசையிலா என்று குறித்த அட்டையைக் கேட்டு வாங்கி, மிச்ச ஊசிகளுக்கு உங்கள் டொக்டரிடம் திகதி எடுத்த பிறகே விமானம் ஏறுங்கள்.